பஜார் முனையில் ஒட்டிய கண்ணாடி

என் கையெழுத்தை நானே பார்க்கக் கூசிய நாள் ஒன்று உண்டு. ஓய்வு பெற்று நாலு வருடம் ஆன பிறகும் அந்த நாளை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. போன மாதம் பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் மூன்று பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சுவர் விரிசலை அளக்க இப்போது டிஜிட்டல் கருவி வந்துவிட்டதாம், செல்போனிலேயே எண் தெரியுமாம். அலமாரியைக் காலி செய்தபோது ஒரு டப்பா நிறைய மெல்லிய கண்ணாடித் துண்டுகள் கிடைத்தனவாம். "இது எதுக்கு சார், ஏதாவது அலங்கார வேலைக்கா?" என்று ஒரு பையன் கேட்டான். சிரித்து மழுப்பிவிட்டேன். அவர்கள் போன பிறகு சோறு இறங்கவில்லை. எழுதித் தொலைத்துவிடுவதே மேல் என்று பட்டது.

எங்கள் அலுவலகம் செங்கல்பட்டு ரயிலடிக்குப் பக்கத்துச் சந்தில் இரண்டே அறை. பழைய கட்டடங்களைப் பார்த்து, இன்னும் தாங்குமா தாங்காதா என்று சொந்தக்காரர்களுக்கு எழுதிக் கொடுப்பது தொழில். எண்பதுகளின் தொடக்கத்தில் டிப்ளமா முடித்த கையோடு சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் ஏணியும் தூக்குக்குண்டும் சுமந்தேன். மாமல்லபுரத்து லாட்ஜுகள், புதுப்பட்டினத்துக் கடைகள், சதுரங்கப்பட்டினத்தில் உப்புக் காற்று பட்டுக் கம்பி துருத்திக்கொண்டு நிற்கும் வீடுகள் என்று சைக்கிளிலும் பஸ்ஸிலும் அலைந்தேன். படித்த படிப்பு எதற்கும் உதவவில்லை என்பதைத் தெரிந்துகொள்ள அந்த இரண்டு வருடம் போதுமானதாக இருந்தது.

மிச்சத்தைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் தலைமை இஞ்சினியர். மதுரைப் பக்கத்துக்காரர், ஒல்லி, குரலே எழும்பாது. அவர் திட்டி நான் கேட்டதில்லை. திட்டியிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பழைய கட்டடத்துக்குள் நுழையும்போது வாசலில் செருப்பைக் கழற்றிவிடுவார். பக்தியெல்லாம் இல்லை. தெருவில் லாரி போனால் தரை அதிர்வது வெறுங்காலுக்குத்தான் தெரியும் என்பார். பிறகு ஒரு ரூபாய் நாணயத்தால் சுவரைத் தட்டிக்கொண்டே நடப்பார். பூச்சு சுவரை விட்டிருந்தால் சத்தம் பொத்தென்று கேட்கும். உத்திரம் சுவருக்குள் போகிற இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்ப்பார். இதெல்லாம் முடிந்து நாங்கள் அறிக்கை எழுதிக் கொடுத்த பிறகுதான் அவருடைய அசல் பரீட்சை வரும். அந்தக் கட்டடத்துக்கே எங்களைக் கூட்டிப் போய், எந்த உத்திரம் நல்லாயிருக்கிறது என்று எழுதினோமோ அதற்கு நேர் கீழே நிற்க வைத்து, "நீ எழுதினத நீயே படிப்பா, கேப்போம்" என்பார். தலைக்கு மேல் ஒரு டன் மரம் தொங்க, "அபாயம் ஏதும் தென்படவில்லை" என்று வாசித்துப் பாருங்கள். இரண்டு அறிக்கைகளை நான் அப்படி நின்ற இடத்திலேயே அடித்துத் திருத்தியிருக்கிறேன்.

பஜார் முனைக் கட்டடம் என் பொறுப்புக்கு வந்தது தொண்ணூறுகளின் நடுவில். பஜார் தெருவும் மார்க்கெட்டுக்குப் போகிற சந்தும் சேருகிற மூலையில் இரண்டு அடுக்கு. ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்திரம், அதன் மேல் செங்கலைச் சாய்த்து அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளம். உரிமையாளர் தாம்பரத்தில் இருந்தார். வருடத்துக்கு ஒரு தடவை எங்கள் அறிக்கையை வாங்கி பீரோவில் வைப்பதோடு அவருக்கும் கட்டடத்துக்கும் உள்ள உறவு முடிந்தது.

நான் பார்க்கும்போது கீழே பாத்திரக்கடை, மேலே பாய் கோடவுன். பித்தளைக் குடம் விற்பது குறைந்ததும் பாத்திரக்கடைக்காரர் காலி செய்தார். திம்மாவரம் பக்கத்திலிருந்து தணிகாசலம் என்பவர் வந்து எஸ்.டி.டி. பூத் போட்டார். நிலம் இருந்த குடும்பம்; விவசாயம் வேண்டாம் என்று கடைக்கு வந்தவர். என் வயதுதான். போன் பேசுகிற கண்ணாடி அறைக்கு வழி வேண்டும் என்று நடுச்சுவரில் ஒரு வாசல் வெட்டினார். மேலே கோடவுன் போய் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வந்தது, பிறகு அதுவே கம்ப்யூட்டர் சென்டர் ஆனது. அவர்கள் ஏ.சி.க்கு இரண்டு ஓட்டை போட்டு, மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். கீழே பூத்துக்கு ஆள் வருவது நின்றதும் தணிகாசலம் அதை பிரவுசிங் சென்டர் ஆக்கினார். நடுச்சுவர் வாசல் இன்னும் அகலமானது. ஊரெல்லாம் செல்போன் வாங்கத் தொடங்கியதும் செல்போன் கடை. அதற்கு முகப்பில் கண்ணாடி வேண்டும் என்று இரண்டு கதவுகளுக்கு நடுவில் இருந்த செங்கல் தூணை எடுத்தார். ஒவ்வொரு தடவையும் நான் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் எடுத்தது கொஞ்சம்தான். கொஞ்சம்தானே என்று நானும் எழுதினேன்.

கடைசியாக மேல் மாடிக்கு வந்தது தையல் பயிற்சி நிலையம். வசந்தா டீச்சர் என்று ஒரு அம்மா நடத்தினார். சுற்று வட்டாரக் கிராமத்துப் பெண்களுக்கு மோட்டார் மெஷினில் தைக்கச் சொல்லிக் கொடுத்து, ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு அனுப்புவார்கள். இருபது மெஷின். எல்லாம் ஒன்றாக ஓடினால் கீழே கல்லாப் பெட்டி மேல் வைத்த டீ கிளாஸ் மெதுவாக நகரும். "அண்ணாத்த, மேல மெஷினு ஓடுச்சுன்னா என் டீ தானா நடந்து என்னாண்ட வந்துடுது" என்று தணிகாசலம் வேடிக்கையாகச் சொல்வார். நானும் சிரித்தேன்.

நடுச்சுவர் உச்சியில், உத்திரம் உட்காரும் இடத்துக்குக் கீழே, ஒரு முடி விரிசல் தெரிந்தது அந்த வருடம்தான். இப்படி விரிசல் வந்தால் கண்ணாடி ஒட்டுவது வழக்கம். பூச்சைச் சுரண்டி, செங்கல் தெரிகிற வரை சுத்தம் செய்து, விரிசலுக்குக் குறுக்கே மூன்று அங்குலக் கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு பக்கமும் மட்டும் பசை வைத்து ஒட்டுவோம். சுவர் நகரவில்லை என்றால் கண்ணாடி அப்படியே இருக்கும். ஒரு நூல் நகர்ந்தாலும் பட்டென்று உடைந்துவிடும். கண்ணாடியின் மேலேயே தேதியைக் கீற வேண்டும் என்பது இஞ்சினியர் சாரின் உத்தரவு. என்னிடம் அன்றைக்குக் கீறுகிற ஊசி இல்லை. பக்கத்துச் சுவரில் சிவப்பு பெயிண்டால் தேதி எழுதிவிட்டு இறங்கினேன்.

இறங்கி, தணிகாசலத்திடம் ஒன்று சொன்னேன். கடைக்காரர்கள் எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பவர்கள், கொஞ்சம் மிரட்டி வைத்தால்தான் சரி என்பது என் கொள்கை. "இத யாரும் தொடக் கூடாது. இது ஒடஞ்சா ஓனர்கிட்ட சொல்லிக் கடையைக் காலி பண்ண வச்சிடுவேன், ஆமா." கண்ணாடி எதற்கு என்று சொல்லவில்லை. சொன்னால் பயந்து ஊரைக் கூட்டுவார் என்று நினைத்தேன். பெரிய புத்திசாலி நான்.

அடுத்த மார்கழியில் சுனாமி வந்தது. கடற்கரை ஊர்களில் எங்களுக்கு வேலை குவிந்தது. நின்ற வீடுகளில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று காலை முதல் இருட்டும் வரை பார்த்தோம். பஜார் முனைக்கு மாதம் ஒரு தடவை போனாலும் ஏணி போடவில்லை. கீழே நின்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். கண்ணாடி பளபளக்கும். பதிவேட்டில் "கண்ணாடி உடையவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் பிடிப்பேன். இப்படிப் பத்து மாதம்.

ஆயுத பூஜைக்கு முந்திய வாரம், மதியம் சாப்பாட்டு வேளை கழிந்து போனேன். கடைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்து ஏணி சாய்த்து வைத்திருந்தார்கள். ஏணி கிடக்கிறதே என்று ஏறினேன். அவ்வளவுதான் காரணம். கிட்டே போய்ப் பார்த்தால் கண்ணாடி முழுசாக இருந்தது. ஆனால் அது என் கண்ணாடி இல்லை. நான் ஒட்டியது படத்துக்குச் சட்டம் போடுகிற மெல்லிய கண்ணாடி. இது கனமான ஷோகேஸ் கண்ணாடி, ஓரம் மழமழவென்று தேய்த்தது. மேலே சந்தனப் பொட்டு வேறு.

"தணிகாசலம், இது ஏது?"

"ஒடஞ்சுடுச்சு சார். ஒடஞ்ச கண்ணாடி கடைல கீறது ஆவாது. அதான் நல்லதா ஒண்ணு வச்சு ஒட்டிட்டேன். செவுரு மேலகூட கொஞ்சம் சிமிட்டி பூசிக்கீறேன், பாருங்கோ."

கண்ணாடியைப் பெயர்த்தேன். சிமெண்டைத் தட்டினேன், அப்பளம் மாதிரி வந்தது. பின்னால் இருந்த விரிசலில் சட்டைப்பையிலிருந்த ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தேன். உள்ளே போய்விட்டது. திரும்ப எடுக்க முடியவில்லை, சுவருக்குள் விழுந்துவிட்டது. உத்திரத்தின் முனையில் ஸ்க்ரூ டிரைவரைக் குத்தினேன். ஈர வைக்கோலில் குத்துவது போல் பிடி வரை இறங்கிற்று. வருடக்கணக்காக மாடித் தொட்டி வழிந்த தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்திருக்கிறது. மேலே இருபது மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு முறை அவை அதிரும்போதும் விரிசலிலிருந்து சுண்ணாம்புத் தூள் என் கண்ணில் கொட்டியது.

ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. வாசலைத் தாண்டித் தெருவில் போய் நின்றுவிட வேண்டும், அது ஒன்றுதான் தோன்றியது. மேலே முப்பத்தோரு பெண்கள். இறங்க ஒரே ஒரு மரப்படி, அதுவும் அந்த நடுச்சுவரை ஒட்டியே. "கட்டடம் விழப் போகிறது" என்று நான் கத்தினால் முப்பத்தோரு பேரும் ஒன்றாக அந்தப் படியில் பாய்வார்கள். கத்தாவிட்டால் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும்.

முதலில் மெயினை அணைத்து ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மேலே சத்தம் அடங்கியது. "கரண்டு போச்சா?" என்று பல குரல்கள். கடையில் இருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, தணிகாசலத்தின் காதில் விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா சார் சொல்றீங்கோ?"

"பேசாதீங்க. ஒரு நோட்டு எடுத்துகிட்டு எதிர்த்தாப்புல ஜூஸ் கடை வாசல்ல போய் நில்லுங்க. வர்றவங்க பேரை ஒவ்வொண்ணா எழுதுங்க. யாரையும் திரும்ப உள்ள விடாதீங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு மேலே போனேன். சிரித்த முகமாக இருக்க முயன்றேன். வசந்தா டீச்சரிடம், ஓனர் எல்லார் பெயரையும் எழுதிக் கேட்கிறார், எதிரில் எழுதுகிறார்கள், படி பழசு, நாலு நாலு பேராக இறங்கட்டும் என்றேன். எதற்குப் பெயர் என்று அவர் கேட்டார். என் முகத்தைப் பார்த்தார். "ஏய், நாலு பேரா எறங்குங்கடி, தள்ளிகினு போகாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

நாலு பேர் இறங்கினார்கள். படி முனகியது. அடுத்த நாலு பேர். ஒருத்தி டிபன் பாக்ஸை எடுக்கத் திரும்பினாள், வேண்டாம் என்றேன். ஒருத்தி, "வெயில்ல எதுக்கு சார் நிக்க வக்கிறீங்கோ, இங்கயே எழுதிக்கினா இன்னா?" என்று சண்டைக்கு வந்தாள். என் உள்ளங்காலின் கீழே தரை மிக மெல்லிசாக நடுங்கியது. தெருவில் ஏதோ பஸ் போயிருக்கும். எனக்குச் சிறுநீர் முட்டியது. இந்த வயதில் சொல்ல வெட்கம் இல்லை, கடைசியில் மிஞ்சியவர்களை நான் தள்ளாத குறையாகத்தான் இறக்கினேன். கடைசியாக டீச்சர், பிறகு நான்.

கட்டடம் விழவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்று மாலையே சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்து, அந்த வாரத்தில் மேலிருந்து ஒவ்வொரு செங்கலாகப் பிரித்தார்கள். பிரிக்கும்போது பார்த்தேன். அந்த உத்திரம் சுவரில் உட்கார்ந்திருந்தது ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு. இன்றைக்கு அங்கே மூன்று மாடி நிற்கிறது, கீழே தணிகாசலத்துக்கும் ஒரு கடை கிடைத்தது. அதன் பிறகு நான் எங்கே கண்ணாடி ஒட்டினாலும் பக்கத்தில் சிவப்பு பெயிண்டால், "இது உடைந்தால் உடனே சொல்லவும். யார் மேலும் தப்பில்லை" என்று எழுதிவிடுவேன். இதெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடிய கதை. சொல்ல முடியாதது அன்றைக்கு இஞ்சினியர் சார் வந்த பிறகு நடந்தது.

பக்கத்து மருந்துக் கடையிலிருந்து போன் செய்தேன். முக்கால் மணி நேரத்தில் ஆட்டோவில் வந்தார். பெண்கள் எல்லாரும் எதிர்ச் சாரியில் நின்றிருந்தார்கள். அவர்கள் பையும் செருப்பும் சாப்பாட்டுப் பாத்திரமும் மேலேயே இருந்தன. விஷயம் கசிந்து தெருவே கூடிவிட்டது. அவர் வாசலில் செருப்பைக் கழற்றி மூன்று எட்டு உள்ளே வைத்தார். நின்றார். திரும்பி வந்து செருப்பை மாட்டிக்கொண்டு என்னிடம், "பதிவேட்ட எடுப்பா. இன்னைக்கு வெளியவே நின்னு படி" என்றார்.

படித்தேன். தை, கண்ணாடி உடையவில்லை. மாசி, கண்ணாடி உடையவில்லை. பங்குனி, கண்ணாடி உடையவில்லை. ஒவ்வொன்றின் கீழும் என் கையெழுத்து அழகாக, வளைத்துப் போட்டது. பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் தணிகாசலத்தைப் பார்த்தார். "எத்தனை தடவைப்பா மாத்தின?"

தணிகாசலம் என் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "இது நாலாவது தபா சார்."

"ஏன் சொல்லல?"

"ஒடஞ்சா கடைய காலி பண்ண வச்சிடுவேன்னு சாரு சொன்னாரு. ரெண்டு புள்ளைங்கள இட்டுகினு நான் எங்க போவேன்? காலைல கடைய தொறந்ததும் மொதல்ல அதத்தான் பாப்பேன் சார். ஒடஞ்சிகீதுன்னா கையி காலு ஆடிடும். சாரு வர்றதுக்குள்ள ஒட்டணுமேன்னு ஓடுவேன்."

நாலு தடவை அந்தச் சுவர் சொல்லியிருக்கிறது. நாலு தடவையும் இந்த மனிதர் என்னை நினைத்து நடுங்கி அதன் வாயை மூடியிருக்கிறார். நான் கீழே நின்று டார்ச் அடித்திருக்கிறேன்.

இஞ்சினியர் சார் தணிகாசலத்தின் கையிலிருந்த நோட்டை வாங்கி என்னிடம் நீட்டினார். "மேல யாரும் இல்லைன்னு எப்படித் தெரியும்? இதையும் படி. ஒவ்வொருத்தரும் கை தூக்கட்டும்."

நான் பெயர்களைப் படித்தேன். அஞ்சலை. "இங்க கீறேன் சார்." தேவகி. "இருக்கேன்." கிருஷ்ணவேணி. நிஷா. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கை எழுந்தது. அந்தக் கை எழாமலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என் மனம் ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்குப் போட்டது. இருபத்து மூன்றாவது பெயர் செல்வி.

கை எழவில்லை.

"செல்வி" என்றேன் மறுபடியும். "இங்கதான இருந்தா" என்றாள் ஒருத்தி. "டிபன் பாக்ஸு எடுக்கணும்னு சொல்லிகினு இருந்தா சார்" என்றாள் இன்னொருத்தி. எல்லார் கண்களும் மேல் மாடி ஜன்னலுக்குப் போயின. தணிகாசலம், "நான் யாரையும் உள்ள வுடல சார், சத்தியமா வுடல" என்று அழுதுவிட்டார்.

போக வேண்டியவன் நான். ஒட்டியவன் நான், எழுதியவன் நான். என் கால் எழும்பவில்லை. மூளை போ போ என்கிறது, முட்டிக்குக் கீழே எனக்குக் கால் இருப்பதே தெரியவில்லை. இஞ்சினியர் சார் என்னை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததாக இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. அறுபதை நெருங்குகிற மனிதர், செருப்பைக் கழற்றினார், உள்ளே போனார். மரப்படி ஒவ்வொன்றாக முனகுவது தெருவுக்குக் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. நான் நோட்டைப் பிடித்தபடி நின்றேன்.

அவர் மேலே இருந்தது ஐந்து நிமிடம் இருக்கும். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். கையில் ஒரு பொட்டலம் பக்கோடா. "இன்னாத்துக்கு எல்லாரும் இப்படி நிக்கிறீங்கோ?" என்றாள். வசந்தா டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டு முதுகில் நாலு அடி வைத்தார்.

"சார், வந்துட்டா! எறங்குங்க சார்!" என்று தெருவே கத்தியது. அவர் மெதுவாக, ஒவ்வொரு படியாக, சுவரைத் தொடாமல் இறங்கி வந்தார். சட்டைத் தோளில் சுண்ணாம்புத் தூள். செருப்பை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அடுத்த பேரப் படிப்பா" என்றார்.

எனக்குக் குரல் வரவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. எழுத்தெல்லாம் கலங்கிற்று. அவர் காத்துக்கொண்டு நின்றார், அந்தப் பெண்கள் எல்லாரும் காத்துக்கொண்டு நின்றார்கள். மிச்சம் இருந்த எட்டுப் பெயரையும் செல்விதான் என் கையிலிருந்து நோட்டை வாங்கிப் படித்தாள்.